பழைய தகரமும் இழைவாளும்



கடந்த ஆண்டு ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமையொன்றில் எமது பாடசாலையின் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் வெறும் ரின்களை ஏந்தியவர்களாக வகுப்பினுள் நுழைந்தனர். தக்காளி அடைத்து வந்த ரின், கடலை அடைத்து வந்த ரின், தேயிலைப் பெட்டி, பிஸ்கற் பெட்டி என அவை மேசை மீது குவிந்தன. அன்று மாலை பிள்ளையை அழைத்துச் செல்ல வந்த தாயார் ஒருவர் அக்குவியலைப் பார்த்துவிட்டு, "மாஸ்ரர், தமிழ் படிக்கவெண்டு அனுப்பின பிள்ளைக்குத் தகரம் வெட்டவோ பழக்கிறியள்?" என்று வினவினார்.

அவ்வினாவிலே கோபத்தைக் காட்டிலும் வருத்தமே மிகுந்திருந்தது. ஊரிலே நாங்கள் பட்டது போதாதா, இந்த நாட்டிலும் எங்கள் பிள்ளைகள் பழைய ரின்னோடு மாரடிக்க வேண்டுமா என்பதே அதன் உட்கிடை. அதனை உணர முடியாதவர்கள் அல்லர் நாம். 1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது எமக்கு வயது பத்து. அதன் பின்னர் நாம் படித்த பாடமெல்லாம் குப்பி விளக்கின் ஒளியிலேயே படித்தவை. சிறு போத்தல் ஒன்றின் வாய்க்கு, பால்மா ரின்னிலே வெட்டிய வட்டத் தகரத்தை மூடியாக்கி, நடுவிலே தகரக் குழல் ஒன்றைச் செருகித் திரி இடுவார் எமது மாமனார். தகரத்தை அவர் கத்தரிக்கோலினாலேயே வெட்டுவார். ஆதலால் அதன் விளிம்பு என்றும் பிசிறுபிசிறாகவே இருக்கும். அவ்விளக்கைத் தூக்கிச் செல்லும்போதெல்லாம் விரலில் கீறும்.

அன்னையாருக்கு அன்று வாசலில் நின்றவாறே முழு மறுமொழி கூற எம்மால் இயலவில்லை. விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நிர்வாகத்தினர் கேட்டபோது, அம்மறுமொழியையே எழுதலாம் எனத் துணிந்தோம். நாம் செய்ய எண்ணியது இதுதான்: உயிரெழுத்துப் பன்னிரண்டையும் ஆய்தத்தையும் மெல்லிய தகரத்திலே துவாரமாக அறுத்தெடுத்து, தகட்டை வளைத்து, உள்ளே சிறு மின்கல விளக்கை வைத்தல். எழுத்து ஒளியாகத் தோன்றும். இதற்கு எழுத்தின் வடிவத்தை விரல்நுனியால் அறிந்திருத்தல் வேண்டும். அகரத்தின் சுழி எவ்விடத்தே தொடங்கி எவ்விடத்தே முடிகின்றது என்று கொப்பியில் நூறு முறை எழுதிய பிள்ளை அறியாததை, ஒரு முறை வாளால் அறுத்த பிள்ளை அறிந்துகொள்ளும் என்பது எமது எண்ணமாயிருந்தது.

முதலிற் கருவியைப் பற்றிக் கூறுவோம். இங்கே ஜேர்மனியில் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு 'லவுப்சேக' என்னும் கைவாள் புதியதன்று. கைவேலைப் பாடத்திலே மெல்லிய பலகையை அதனால் அறுத்திருப்பார்கள். 'லவுப்' என்றால் தழை. இலை, கொடி முதலிய சித்திர வேலைகளை அறுக்கப் பயன்பட்டமையால் அப்பெயர். தமிழில் தழைவாள் என்று சொல்லிப் பார்த்தால் அழகாகவே இருக்கின்றது. அவ்வாளையே மோட்டரினால் இயங்குமாறு மேசையிற் பொருத்திய இயந்திரத்தை இந்நாட்டவர் 'டெக்கூப்பியர்சேக' என்பர். வெட்டியெடுத்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆங்கிலத்தில் ஸ்குரோல் சோ. நாம் வகுப்பிலே இழைவாள் என்றே வழங்குகின்றோம். வாளானது ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர் நீளமும் நூலிழை போன்ற ஒடுக்கமும் உடையதாகலின் இப்பெயர் பொருந்தும்.

இயந்திரத்தின் அமைப்பு எளியது. ஒன்றன்மேல் ஒன்றாக இரு நீண்ட கரங்கள் உள்ளன. அவற்றின் முன்நுனிகளுக்கு இடையே வாள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். மோட்டர் சுழல, கரங்கள் இரண்டும் ஒருங்கே மேலும் கீழும் அசையும். வாள் நிமிடத்திற்கு 400 முதல் 1400 முறை வரை ஏறி இறங்கும். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ் உண்டு. வாட்பற்கள் கீழ்நோக்கியே இருத்தல் வேண்டும். இறங்கும்போது அறுக்கும், ஏறும்போது அறுக்காது. இந்த ஏறுதலிலேதான் ஆபத்து இருக்கின்றது என்பதை நாம் பட்டே அறிந்தோம்.

பழம்பொருட் சந்தையிலே வாங்கிய இழைவாள் ஒன்றை, நாம் குடியிருக்கும் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் வைத்து முதன்முதலாகத் தகரம் அறுக்க முயன்றோம். தக்காளி ரின்னை விரித்துத் தட்டையாக்கி, வெறுந்தகடாகவே மேசையில் வைத்து வாளுக்குக் கொடுத்தோம். பத்து விநாடியும் ஆகவில்லை. வாள் ஏறும்போது தகட்டையும் பற்றிக்கொண்டு ஏறிற்று. இறங்கும்போது மேசையில் அறைந்தது. தகடு பறை முழங்குவது போல் அதிர்ந்து, எமது பிடியிலிருந்து நழுவித் திரும்பியது. இடக்கைப் பெருவிரலில் மூன்று தையல். பல ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர் என்பதிலே எமக்கிருந்த பெருமிதம் அன்று சற்றுத் தணிந்தது.

விரல் ஆறும் வரை வேறு வேலை இல்லாதபடியால், தவறு எங்கே என்று கணக்கிட்டுப் பார்த்தோம். மாணவர்களே, இக்கணக்கை நீங்களும் தாளும் பென்சிலும் எடுத்துச் செய்து பாருங்கள்.

உலோகம் அறுப்பதற்கு ஒரு பழைய விதி உண்டு. அறுபடும் பொருளின் தடிப்பினுள் எந்நேரமும் குறைந்தது இரண்டு பற்களேனும் இருத்தல் வேண்டும், மூன்றாயின் நன்று. பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள தூரம் தகட்டின் தடிப்பிலும் பெரிதாயின், தகடு அந்த இடைவெளிக்குள் விழுந்து மாட்டிக்கொள்ளும், சீப்பின் பல்லிடுக்கில் நூல் மாட்டுவது போல. அப்பொழுது ஒன்று பல் முறியும், அல்லது தகடு கிழியும், அல்லது தகடு வாளோடு கூடவே எழும். எமக்கு நேர்ந்தது மூன்றாவது.

உணவு அடைத்து வரும் ரின்னின் தகரம் ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் தடிப்புடையது. நகைத்தொழிலாளர் பயன்படுத்தும் வாள்களுள் ஒருவகையில் அங்குலத்திற்குச் சுமார் 56 பற்கள் உள்ளன. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். 56ஆல் வகுத்தால் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே 0.45 மில்லிமீற்றர். தகரத்தின் தடிப்பைப் போல் இரண்டு மடங்கிற்கும் மேல்! சரி, இன்னும் நுண்ணிய வாளை எடுப்போம் என்று எண்ணுவீர்கள். அங்குலத்திற்கு 80 பற்கள் கொண்ட மிக நுண்ணிய வாளை எடுத்தாலும் இடைவெளி 0.32 மில்லிமீற்றர் ஆகின்றது. அதுவும் 0.2இலும் பெரிதே. மேலும் அத்துணை மெல்லிய வாள் எமது முரட்டுக் கைகளிலே மூச்சு விடுமுன் முறிந்துபோகும். ஆகவே, எந்த வாளை வாங்கினாலும் தனித்தகரத்தை ஒழுங்காக அறுக்க இயலாது என்பது கணக்கினால் நிறுவப்பட்டது.

வாளை மாற்ற இயலாதெனின் தகரத்தை மாற்ற வேண்டும். அதாவது, தகரத்தைத் தடிப்பாக்க வேண்டும். 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே தகட்டை வைத்து இறுகக் கட்டிவிட்டால், வாளைப் பொறுத்தவரையில் அது 6 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட ஒரே பொருள். பத்துக்கு மேற்பட்ட பற்கள் எப்பொழுதும் உள்ளே இருக்கும். மேற்பலகை, தகடு எழாமல் அமுக்கும். கீழ்ப்பலகை, வாள் செல்லும் மேசைத் துவாரத்தினுள்ளே தகடு வளைந்து இறங்காமல் தாங்கும். விளிம்பிலே பிசிறும் எழாது. எமது மாமனாரின் விளக்கு ஏன் விரலைக் கீறியது என்பதும் அன்றுதான் எமக்குப் புரிந்தது. கத்தரிக்கோல் தகரத்தை அறுப்பதில்லை, நெரித்துப் பிரிக்கின்றது.

இவ்வுபாயத்தை நாமே கண்டுபிடித்துவிட்டதாக ஒரு வாரம் மகிழ்ந்திருந்தோம். பின்னர் நூலகத்திலே புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே பாரிஸ் நகரத்தார் இதனைச் செய்திருக்கின்றனர் என்று அறிந்தோம். பதினான்காம் லூயி மன்னனுக்கு மரத்தளபாடங்கள் செய்த அந்திரே சார்ள் பூல் என்பவர் (1642–1732) பித்தளைத் தகட்டையும் ஆமையோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே முறையில் சித்திரமாக அறுப்பார். பித்தளையில் வெட்டிய கொடியை ஆமையோட்டின் வெற்றிடத்தில் பதிப்பார். ஆமையோட்டில் வெட்டியதைப் பித்தளையில் பதிப்பார். ஒரே அறுப்பிலே ஒன்றுக்கொன்று எதிரான இரு சித்திரங்கள் கிடைக்கும். அவர் பெயராலேயே அவ்வேலை இன்றும் வழங்குகின்றது. அரசமாளிகைக்குப் போன வேலை என்பதைத் தகரம் என்றால் முகம் சுளிப்போரின் கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருகின்றோம்.

தகரத்தைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். ரின் என்று நாம் அழைக்கும் பொருளிலே வெள்ளீயம் மிகச் சிறிதளவே உண்டு. அது உண்மையில் மெல்லிய உருக்குத் தகடு. அதன் இரு பக்கமும் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்திலொரு பங்கு என்னும் அளவிலே வெள்ளீயம் பூசப்பட்டிருக்கும். உணவைத் தகரக் கலத்தில் அடைப்பதற்கான உரிமம் இங்கிலாந்தில் 1810ஆம் ஆண்டு பீற்றர் டூரண்ட் என்பவருக்கு வழங்கப்பட்டது. ரின்வெட்டிக்கு அமெரிக்காவில் உரிமம் கிடைத்ததோ 1858இல். இடைப்பட்ட காலத்தில் உளியும் சுத்தியலும் கொண்டே திறந்தார்களாம். பசியோடிருப்பவன் பாடு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எல்லா ரின்னும் எமது வேலைக்கு ஆகா. குளிர்பானம் வரும் அலுமினியக் கலங்கள் வேண்டா. அவற்றின் சுவர் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர்தான், விரலால் அழுத்தினாலே நெளியும். தவிரவும் கடையிலே திருப்பிக் கொடுத்தால் 25 சதம் கிடைக்கும் பொருளை வெட்டுவது என்ன புத்தி என்று மாணவர்களே எம்மைத் திருத்தினார்கள். நெளிந்த கலத்தை இயந்திரம் ஏற்காது என்பதிலும் அவர்கள் எம்மிலும் தேர்ந்தவர்கள். விசிறும் திரவம் அடைத்த அமுக்கக் கலங்களை எக்காரணம் கொண்டும் தொடலாகாது. வெறுமையானது போல் தோன்றினும் உள்ளே அமுக்கம் எஞ்சியிருக்கும், வெடிக்கும். வர்ணம், எரிபொருள், கரைப்பான் இருந்த ரின்களும் அவ்வாறே விலக்கத் தக்கவை. மிகப் பழைய ரின்களின் பொருத்திலே ஈயம் கலந்த பற்றாசு இருக்கலாம். பழைய வர்ணப் பூச்சிலும் ஈயம் இருக்கலாம். அவற்றின் தூள் பிள்ளைகளின் மூச்சிற் செல்லுதல் கூடாது. அண்மையில் கடையில் வாங்கி உண்டு கழித்த ரின்னே நல்லது.

அவற்றுள்ளும் மிகச் சிறந்தது, வட்டமான நீல நிறப் பிஸ்கற் பெட்டி. அதன் மூடியும் அடியும் வரித்தடம் இல்லாத பரந்த தகடுகள். ஆனால் அப்பெட்டி எந்தத் தமிழ் வீட்டிலே வெறுமையாக இருக்கின்றது? ஊசியும் நூலும் பொத்தானும் அல்லவா குடியிருக்கின்றன! மேலே கூறிய அன்னையாரே மூன்றாவது வாரம் அத்தகைய பெட்டியொன்றைக் கொண்டுவந்து தந்தார். உள்ளேயிருந்தவற்றைப் பொலித்தீன் பையொன்றில் கட்டி வைத்துவிட்டு வந்ததாகக் கூறினார். அவரது முகத்திலே சிரிப்பு இல்லை. எனினும் பெட்டியைக் கழுவித் துடைத்தே தந்திருந்தார்.

இனி வேலை முறை. ரின்னைக் கொதிநீரிற் கழுவிய பின், தோற் கையுறை அணிந்துகொண்டு இரு முனைகளையும் நீக்க வேண்டும். உடலில் நெடுகச் செல்லும் பற்றவைத்த பொருத்துத் தகரத்திலும் தடிப்பானதும் கடினமானதுமாகும். அதனைத் தகரக் கத்தரிக்கோலால் இரு புறமும் நறுக்கி எறிந்துவிடல் நன்று. விரித்த தகட்டைப் பலகைமேல் வைத்துக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினால் தட்டையாகும். இரும்புச் சுத்தியல் தகட்டிலே பள்ளம் இடும். இவ்வளவையும் பெரியவர்களே செய்தல் வேண்டும் என்பது எமது பாடசாலையின் விதி. வெட்டுக்காயம் நேர்வது பெரும்பாலும் வாளினால் அன்று, காவலற்ற விளிம்பினாலேயே.

ஒட்டுப்பலகைக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. மண்டரின் தோடம்பழம் வரும் பெட்டிகளின் பக்கப் பலகைகளே போதும். கீழ்ப்பலகை, அதன்மேல் தகடு, தகட்டின்மேல் மெழுகு பூசிய தாள், மறுபடி தகடு, மேற்பலகை என்று அடுக்குக. மெழுகுத்தாள் வாளுக்கு வழுக்கல் கொடுக்கும். நான்கு தகடுகள் வரை ஒரே அடுக்கில் வைக்கலாம். ஒரு முறை அறுத்தால் ஒரே எழுத்து நான்கு! ஒன்று விழாவுக்கு, மூன்று வீடுகளுக்கு. அடுக்கின் விளிம்பைச் சுற்றி ஒட்டுநாடா இட்டு, எழுத்துக்குப் புறம்பான மூலைகளில் சிறு திருகாணிகள் நான்கு பூட்டுக. இப்பொழுது கூரிய விளிம்பு முழுவதும் பலகைக்குள் மறைந்துவிட்டது. ஆதலால் கையுறையைக் கழற்றிவிடலாம். கழற்றியே ஆக வேண்டும். சுழலும் கருவிக்கு அருகே கையுறை, தொங்கும் சால்வை, அவிழ்ந்த கூந்தல், காப்பு ஒன்றும் ஆகா. கண்ணாடி மட்டும் கண்ணை விட்டு இறங்கலாகாது.

எழுத்தின் படியைத் தாளில் வரைந்து மேற்பலகையில் ஒட்டியபின், அறுக்க வேண்டிய ஒவ்வொரு பகுதிக்குள்ளும் 1.5 மில்லிமீற்றர் துளை ஒன்று இட வேண்டும். துளையிடும்போது அடுக்கைக் கையால் பிடித்தல் கூடாது. துளைக்கும் முனை தகரத்தை ஊடுருவும் கணத்தில் அதனைப் பற்றிச் சுழற்றிவிடும். மேசையோடு கவ்வியால் இறுக்குக. பின்பு வாளின் மேல்நுனியைக் கழற்றி, துளையினூடே செலுத்தி, மறுபடி பூட்டி இழுத்துக் கட்டுக. போதிய இழுவை உண்டா என்பதை அறிய வாளை விரலால் மீட்டிப் பார்க்கலாம். வீணைத் தந்தி போலக் கணீரென்று ஒலித்தால் சரி. மந்தமாக ஒலித்தால் வாள் அறுப்பில் ஒரு புறம் சாயும். சங்கீத வகுப்பிற்குச் செல்லும் மாணவி ஒருத்தி இதிலே எம்மையும் வென்றாள்.

வேகத்தை மிகக் குறைவாக, 400 அளவிலே வைத்தல் வேண்டும். வேகம் மிகுந்தால் உராய்வினால் வாள் சூடேறும். சூடேறிய பல் விரைவில் மழுங்கும். மழுங்கிய வாளைப் பிள்ளை தள்ளும். தள்ளினால் முறியும். மெழுகுதிரித் துண்டொன்றை வாளின் மேல் அடிக்கடி தேய்த்துக்கொள்க. தள்ளாமல், வாள் உண்ணும் அளவுக்கே ஊட்டுதல் வேண்டும். குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல என்று நாம் சொன்னபோது, தம்பி தங்கையருக்கு ஊட்டிப் பழகிய பிள்ளைகள் உடனே விளங்கிக்கொண்டார்கள். கூரிய மூலை வந்தால், வாளை ஓடவிட்டவாறே அந்த இடத்தில் நின்று, அடுக்கை மெல்லத் திருப்புக. எழுத்தொன்றுக்கு இரண்டு வாள் முறிவது இயல்பு. முறிந்ததற்காக எவரையும் ஏசுவதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டோம். பதினான்கு வயதுக்குக் குறைந்தோர் இயந்திரத்தைத் தொடுவதில்லை. அவர்கள் மேசை விளிம்பிற் பொருத்திய பிளவுப் பலகையின்மேல் அடுக்கை வைத்து, தழைவாளால் கீழ்நோக்கி இழுத்து அறுத்தனர். காலம் அதிகம் செல்லும். ஆயினும் வளைவு இன்னும் நயமாக வரும்.

இங்கே நடந்த ஒன்றைச் சொல்லாதிருக்க இயலவில்லை. விளக்குகளுக்கு முன்னோட்டமாக, 'தமிழ்' என்னும் சொல்லைத் தனித்தனி எழுத்துகளாகத் தகரத்தில் வெட்டியெடுத்து ஒரு பலகையில் ஒட்டுவோம் என்று தொடங்கினோம். தகரம் வந்தது, மிகரம் வந்தது, ழகரமும் வந்தது. பலகையிலே அடுக்கிப் பார்த்த மாணவன் ஒருவன், "சேர், இது தமிழ எண்டல்லோ கிடக்கு!" என்றான். ழகரத்தின்மேல் இருக்க வேண்டிய புள்ளி, எழுத்தோடு எவ்வகையிலும் தொடுப்பில்லாதது ஆகையால், அறுக்கும்போதே மரத்தூளினுள் விழுந்துவிட்டது. உருக்குத் தகரமல்லவா, காந்தத்தைத் துணியிற் சுற்றித் தூளின்மேல் உலாவவிட்டோம். மற்றைத் தகரத் துணுக்குகளோடு அப்புள்ளியும் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு பருப்பளவு இருந்தது.

ழகரத்துக்கும் ழகர மெய்க்கும் உள்ள வேற்றுமையை அவ்வகுப்பிற்கு நாம் மூன்று ஆண்டுகளாகச் சொல்லிவந்தோம். அன்றைக்கு அந்தப் பருப்பளவு தகரத்தைக் கையிலிருந்து கைக்கு மாற்றிப் பார்த்த பின்னர், எழுத்துவேலையில் புள்ளியை மறந்துவிடும் பழக்கம் அவர்களிடம் வெகுவாகக் குறைந்திருக்கின்றது. புள்ளியிட்ட எழுத்தே மெய் என்று தொல்காப்பியம் வகுத்திருப்பினும், ஓலைச்சுவடிகளிலே பெரும்பாலும் புள்ளி இருப்பதில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை துளைபட்டுக் கிழியும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். படிப்போர் இடமறிந்து தாமே புள்ளியைக் கொண்டு வாசித்தனர். எழுதும் பொருள் எழுத்தின் வடிவத்தையே மாற்றிவிடும் என்பதற்கு ஓலையைக் காட்டிப் பாடம் நடத்துவோர் உண்டு. எமக்குத் தகரம் வாய்த்தது.

விளக்கிலே நிலைமை தலைகீழ். அங்கே எழுத்துத்தான் துவாரம். ஆகவே புள்ளி எளிது. துளை ஒன்று இட்டால் முடிந்தது. ஆனால் அங்கே வேறொரு தொல்லை. மகரத்தின் மூடிய கட்டத்துக்குள்ளும், அகரம், எகரம் முதலியவற்றின் சுழிகளுக்குள்ளும் இருக்கும் தகரம் நான்கு புறமும் அறுபட்டுக் கீழே விழுந்துவிடும். விழாமல் இருக்க அதனை வெளித்தகட்டோடு இணைக்கும் ஒடுக்கமான பாலம் ஒன்றை அறுக்காது விட வேண்டும். 2 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் பாலம் வளையும். 4க்கு மேற்பட்டால் எழுத்துக் கெடும். பாலத்தை எங்கே விடுவது என்பது பற்றி மாணவர்களிடையே எழுந்த வாக்குவாதம் ஒரு முழு வகுப்பையும் விழுங்கிவிட்டது. சுழியின் தொடக்கத்தில் விட்டால் கண் அதனைப் பொறுத்துக்கொள்ளும் என்றாள் ஒருத்தி. அவள் கூற்றே சரியென்று அறுத்துப் பார்த்தபோது தெரிந்தது. அவ்வாக்குவாதம் முழுவதும் தமிழிலேயே நடந்தது என்பதைப் பெற்றோருக்குக் கூற விரும்புகின்றோம். சுழி, கொம்பு, விளிம்பு, தடிப்பு, பிசிறு, அரம், குறடு என்னும் சொற்களுக்கெல்லாம் அன்று வேலை இருந்தது.

ஆய்தத்தை அறுக்கவே தேவையில்லை. மூன்று துளைகள். அக்காவோடு கூட வந்து மூலையில் அமர்ந்திருக்கும் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அதனை ஒதுக்கினோம். நாம் அடுக்கை இறுக்கிப் பிடித்திருக்க, கையாற் சுற்றும் துளைகருவியைச் சுற்றி அவனே அதனைச் செய்தான்.

அறுத்து முடிந்தபின் திருகாணிகளைக் கழற்றிப் பலகைகளைப் பிரித்தால் தகடுகள் ஓரளவு மழமழப்பாகவே இருக்கும். ஆயினும் ஊசியரத்தினால் விளிம்பு முழுவதையும் தடவி, பின் மெல்லிய மண்கடதாசியால் தேய்த்தே பிள்ளைகள் கையிற் கொடுத்தல் வேண்டும். மேசையிலும் நிலத்திலும் கிடக்கும் துணுக்குகளைக் கையாலோ வாயால் ஊதியோ அகற்றலாகாது. காந்தத்தைப் பொலித்தீன் பையினுள் இட்டு எடுத்து, பின் பையைப் புரட்டிவிட்டால் அனைத்தும் பைக்குள் அடங்கும். கூரிய துண்டுகளை வெறும் ரின் ஒன்றினுள் இட்டு, வாயை நசுக்கி மூடி, பொதிப்பொருளுக்குரிய மஞ்சள் தொட்டியிற் போடுக.

கடைசியாக ஒரு வேலை உண்டு. சோம்பலால் அதனை விட்டவர்கள் பின்னர் வருந்தினார்கள். அறுத்த விளிம்பிலே வெள்ளீயப் பூச்சு இல்லை. உள்ளேயிருக்கும் உருக்கு வெளித்தெரிகின்றது. இவ்விடத்தே மேல்வகுப்பு மாணவர் இரசாயனத்தை நினைவுகூர்க. நாகம் பூசிய கூரைத் தகட்டிலே கீறல் விழுந்தால், இரும்பைக் காட்டிலும் தாக்கம் கூடிய நாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். வெள்ளீயமோ இரும்பைக் காட்டிலும் தாக்கம் குறைந்தது. பூச்சு முழுமையாக இருக்கும் வரையில் அது காவலன். ஓரிடத்திலே கீறப்பட்டு ஈரமும் பட்டதாயின், இரும்பு தனியே இருந்திருந்தால் துருப்பிடிக்கும் வேகத்தினும் விரைந்து துருப்பிடிக்கும். எனவே விளிம்புக்கு நிறமற்ற வார்னிஷ் இரண்டு முறை பூசுதல் அவசியம். எமது முதற் பலகையின் 'தமி' ஒரு மாரிகாலத்திலேயே ஓரங்களிற் செம்மை பாய்ந்துவிட்டது. அதனை இன்னும் வகுப்பிலே மாட்டி வைத்திருக்கின்றோம், இரசாயனப் பாடத்துக்காக.

விளக்கினுள்ளே வைப்பது மின்கல விளக்கே. மெழுகுதிரியோ எண்ணெய்த் திரியோ வேண்டா. ரின்னின் உட்புறத்திலே உணவைக் காக்கும் பூச்சு ஒன்று உண்டு. சூடேறினால் அது புகையும். அன்றியும் மண்டபத்தாரோடு நாம் செய்துகொண்ட உடன்படிக்கையிலே திறந்த சுடருக்கு இடமில்லை.

பதின்மூன்று விளக்குகளும் ஆண்டு விழா மண்டபத்தின் வாசலிலே, வரவேற்பு மேசைக்கு இடப்புறம் வைக்கப்படும். 'ஓ' என்னும் விளக்கு நீலப் பிஸ்கற் பெட்டியின் அடித்தகட்டினால் ஆனது. பின்புறத்தைப் பார்த்தால் நீலம் தெரியும். ஆய்தத்தின் மூன்று துளைகளுள் மேலுள்ளது சற்று வலப்புறம் ஒதுங்கியிருக்கும். துளையிடும்போது சிறுவன் தும்மிவிட்டான். மாற்றிச் செய்து தருவோமா என்று கேட்டோம். வேண்டாம் என்றான்.

அடுத்த தவணையில் மெய்யெழுத்துப் பதினெட்டையும் செய்வதாக இருக்கின்றோம். தட்டையான ரின்களும் மண்டரின் பெட்டிப் பலகைகளும் தேவைப்படுகின்றன. கழுவித் துடைத்துச் சனிக்கிழமைகளிலே அனுப்பி வைக்குமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கின்றோம். ஊசி நூலுக்கு வேறு பெட்டி ஒன்று நாமே வாங்கித் தருவோம்.